வரிசையில் அடுத்தவர்: ஃபோர்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்குகள்

1989ஆம் ஆண்டுப் பருவத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா எடுத்த பாஸர் ரேட்டிங் 112.4. அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் அதுவரை முழுப் பருவம் ஆடிய எவரும் தொடாத எண் அது. ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. அதே பருவத்தில், அதே அணியில், மொன்டானாவுக்குப் பதிலாக அவ்வப்போது களமிறங்கிய ஸ்டீவ் யங் 92 முறை பந்து வீசினார். அவற்றில் 64 கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1,001 கெஜம், 8 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். அவருடைய ரேட்டிங் 120.8.

லீக்கே கொண்டாடிய மனிதரைவிட, அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் எண் பெரியது. 92 வீச்சை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு சந்தேகம் எழுகிறது. அந்த 112.4இல் மொன்டானாவின் பங்கு எவ்வளவு, பயிற்சியாளர்கள் வகுத்த முறையின் பங்கு எவ்வளவு, ஜெரி ரைஸ் போன்ற ரிசீவரின் பங்கு எவ்வளவு? ஓர் அணியின் குவார்ட்டர்பேக்குகளைத் தரவரிசைப்படுத்த உட்காரும் யாரும் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் இது.

அமெரிக்கக் கால்பந்து பழகாதவர்களுக்காக ஒரு பத்தி. களத்தில் அணிக்குப் பதினொரு பேர். நான்கு வாய்ப்புகளுக்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும்; கொண்டுபோனால் மீண்டும் நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் தருவார். அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக். ஏறக்குறைய மூன்று நொடிக்குள் அவர் அதை ஓடுபவர் கையில் கொடுக்கலாம், தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு வீசலாம், தானே ஓடலாம். அதற்குள் நூற்றிருபது கிலோ எடையுள்ள ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்க வந்துவிடுவார்கள். அவர் வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டால் இன்டர்செப்ஷன். எல்லைக்கோட்டைத் தாண்டிய பரப்பில் தன் ஆளே பிடித்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அணியில் சம்பளமும் வசவும் அதிகம் வாங்குபவர் இவர்தான்.

ஃபோர்ட்டிநைனர்ஸ் 1946இல் தொடங்கிய அணி. முதலில் ஏ.ஏ.எஃப்.சி. என்ற போட்டி லீக்கில் ஆடி, 1950இல் என்.எஃப்.எல்.லுக்கு வந்தது. கீஸார் மைதானம், கேண்டில்ஸ்டிக் பார்க் ஆகியவற்றில் ஆடிவிட்டு 2014 முதல் சான்டா கிளாராவில் ஆடுகிறது. கணினித் துறையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் அது என்பதால் இந்த அணியின் சிவப்புச் சட்டை தமிழ் வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. குவார்ட்டர்பேக் விஷயத்தில் இந்த அணிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வேறு பல அணிகளில் ஒரு நல்லவர் போனால் பத்து வருட வறட்சி. இங்கே, வரலாற்றின் முக்கியமான கட்டங்களில், முதலாமவருக்குப் பின்னால் இன்னொரு நல்லவர் காத்திருந்தார். அதனால் ஒரே அணி, ஒரே ஆண்டு, இரண்டு கைகள் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. என் தரவரிசைக்கு இந்த ஒப்பீடுதான் அடிப்படை. கோப்பைகளின் எண்ணிக்கையும் ரேட்டிங்கும் அதற்குப் பிறகுதான்.

ரேட்டிங்கை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்று சொல்ல வேண்டும். 1973இல் என்.எஃப்.எல். ஏற்றுக்கொண்ட இந்தச் சூத்திரம் நான்கே விஷயங்களைப் பார்க்கிறது: வீசியதில் எத்தனை சதவீதம் பிடிக்கப்பட்டது, ஒரு வீச்சுக்குச் சராசரியாக எத்தனை கெஜம், எத்தனை சதவீதம் டச்டவுன், எத்தனை சதவீதம் இன்டர்செப்ஷன். மொன்டானாவின் 1989ஐ அதில் போட்டுப் பார்க்கலாம். 386 வீச்சு, 271 பிடிப்பு, 3,521 கெஜம், 26 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன். பிடிப்புச் சதவீதம் 70.2, அதற்கு 2.01 புள்ளி. வீச்சுக்கு 9.1 கெஜம், அதற்கு 1.53. டச்டவுனுக்கு 1.35. இன்டர்செப்ஷன் குறைவு என்பதற்காக 1.86. கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கினால் 112.4 வந்துவிடும். உச்சபட்சம் 158.3. 1960களின் ஆட்டப் புள்ளிகளை வைத்து, நடுத்தர ஆட்டக்காரருக்கு 66.7 வருமாறு கட்டப்பட்ட கணக்கு இது.

இதில் இல்லாதவை நிறைய. குவார்ட்டர்பேக் தானே ஓடியது கிடையாது. பந்தோடு சாய்க்கப்பட்டது கிடையாது. கையிலிருந்து பந்து நழுவியது கிடையாது. முப்பது புள்ளி முன்னிலையில் சும்மா வீசிய பந்துக்கும், ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் வீசிய பந்துக்கும் ஒரே மதிப்பு. இது போக, 1978இல் விதிகளே மாறின. ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டு மறிக்கக் கூடாது என்றார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்றார்கள். வீச்சு எளிதானது, அதன் பிறகும் எளிதாகிக்கொண்டே வந்தது. நடுத்தரம் 66.7 என்று வைத்த கணக்கில் இன்றைய லீக் சராசரி 90ஐ ஒட்டி நிற்கிறது. ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கவாஸ்கரின் சராசரியை இன்றைய மட்டையாளரின் சராசரிக்குப் பக்கத்தில் அப்படியே வைக்க ஒரு கிரிக்கெட் ரசிகர் எவ்வளவு தயங்குவாரோ, அதே தயக்கம் இங்கேயும் வேண்டும்.

1979இல் பில் வால்ஷ் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். சின்சினாட்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, வலுவான கை இல்லாத வர்ஜில் கார்ட்டருக்காக அவர் உருவாக்கத் தொடங்கிய முறை ஒன்று உண்டு: குறுகிய தூர வீச்சு, குவார்ட்டர்பேக்கின் காலடியும் ரிசீவரின் ஓட்டமும் தாளம் தப்பாமல் சேர்வது, பிடித்த பிறகு ரிசீவர் ஓடி எடுக்கும் கெஜங்கள். அதை முதல் ஆண்டு ஆடியவர் ஸ்டீவ் டிபெர்க். 578 வீச்சில் 347 பிடிப்பு. இரண்டுமே அன்றைக்கு லீக் சாதனை. அணி வென்றது இரண்டு ஆட்டம், தோற்றது பதினான்கு. வால்ஷின் முறை யார் கையிலும் பிடிப்புகளைத் தரும், வெற்றியைத் தராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டிபெர்க்குக்குப் பின்னால் இருந்தவர்தான் மொன்டானா. நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலிருந்து 1979 டிராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) மூன்றாம் சுற்றில், 82ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். கை வலு போதாது என்று பேச்சு. 1980 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக இடைவேளையில் 35-7 என்று பின்தங்கியிருந்த அணி, கூடுதல் நேரத்தில் 38-35 என்று வென்றபோது ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. அடுத்த பருவம் 13 வெற்றி, 3 தோல்வி, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் முதல் வெற்றி. எல்லாம் அவர் ஒருவரால் என்று சொன்னால் பொய். அந்த 1981இல்தான் தற்காப்பில் ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் என்ற மூன்று புதியவர்கள் வந்தார்கள். ஃபிரெட் டீன் வந்தார்.

அந்தப் பருவத்தின் அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தை நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மொன்டானாவின் புகழில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. 1982 ஜனவரி 10, கேண்டில்ஸ்டிக் பார்க், எதிரணி டல்லஸ் கௌபாய்ஸ். 27-21 என்று டல்லஸ் முன்னிலை. ஃபோர்ட்டிநைனர்ஸ் கையில் பந்து வரும்போது 4 நிமிடம் 54 நொடி மிச்சம், போக வேண்டிய தூரம் 89 கெஜம். டல்லஸின் கோட்டுக்கு ஆறு கெஜம் வரை வந்துவிட்டார்கள். மூன்றாவது வாய்ப்பு. வலப்பக்கம் ஓடிக்கொண்டே ஃபிரெடி சாலமனுக்கு வீச வேண்டும் என்பது திட்டம். சாலமன் வழுக்கினார். மொன்டானா பின்வாங்கிப் பின்வாங்கிக் களத்தின் ஓரக்கோட்டுக்கு வந்துவிட்டார். மூன்று பேர் துரத்துகிறார்கள், அதில் எட் ஜோன்ஸ் ஆறடி ஒன்பது அங்குலம். வீசுவதுபோல் ஒரு பாவனை காட்டினார். பிறகு பின்னங்காலில் நின்றபடி பந்தை மைதானத்தின் கடைசிப் பகுதியை நோக்கி உயரமாக எறிந்தார். ரிசீவர் டுவைட் கிளார்க் எம்பி விரல்நுனியில் பிடித்தார். தரையில் கிடந்த மொன்டானா அதைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார். டச்டவுனை ஒட்டி உதைத்தெடுத்த ஒரு புள்ளியோடு 28-27.

இதை எல்லாரும் சொல்வார்கள். குறைவாகச் சொல்லப்படுவது, அந்த ஆட்டத்தில் மொன்டானாவின் மூன்று பந்துகளை டல்லஸ் பிடித்துக்கொண்டது என்பது. அன்றைய அவருடைய ரேட்டிங் 81 சொச்சம்தான். அந்த டச்டவுனுக்குப் பிறகும் 51 நொடி இருந்தது. டல்லஸின் டேனி வைட் வீசிய பந்தைப் பிடித்துக்கொண்டு ட்ரூ பியர்சன் ஓடியபோது, எரிக் ரைட் ஒரு கையால் அவருடைய சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்து வீழ்த்தினார். அந்தப் பிடி நழுவியிருந்தால் கிளார்க்கின் பிடிப்பு ஒரு அடிக்குறிப்பாகியிருக்கும். ஒரு குவார்ட்டர்பேக்கின் வரலாற்று இடம் சில நேரம் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரின் கைப்பிடியில் தொங்குகிறது. எனக்கு மொன்டானா முதலிடம் என்பதற்கு இந்த ஆட்டம் காரணம் இல்லை.

காரணம் வேறு. 1985, 1986, 1987 ஆகிய மூன்று பருவங்களிலும் அணி நாக்-அவுட் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. மூன்றிலும் சேர்த்து மொன்டானா ஒரு டச்டவுன்கூட வீசவில்லை. 1986இல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஆடவே முடியாது என்றார்கள், 55 நாளில் திரும்பினார். 1987இல் வால்ஷ் டாம்பா பேயிலிருந்து ஸ்டீவ் யங்கை வாங்கினார். அதற்குக் கொடுத்த விலை இரண்டாம், நான்காம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள். 1988 ஜனவரியில் மினசோட்டாவுக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், நடு ஆட்டத்தில் மொன்டானாவை வெளியே எடுத்து யங்கை இறக்கினார். அடுத்த பருவம் முழுக்க யார் முதல்வர் என்ற இழுபறி. அக்டோபர் 30 அன்று மினசோட்டாவுக்கு எதிராக யங் தடுமாறித் தடுமாறி 49 கெஜம் ஓடி ஆட்டத்தை வென்று கொடுத்ததும் இந்த இழுபறியில்தான். அணி 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடியது.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தின் நாக்-அவுட்டில் மூன்று ஆட்டம்: மொன்டானா 8 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். அடுத்த பருவத்தின் நாக்-அவுட்டில் மூன்று ஆட்டம்: 11 டச்டவுன், இன்டர்செப்ஷன் பூஜ்யம். இரண்டு சூப்பர் பவுல். முதலாவதில், 1989 ஜனவரியில், சின்சினாட்டியிடம் மூன்று புள்ளி பின்தங்கி, தன் கோட்டிலிருந்து எட்டு கெஜத்தில் பந்தை வைத்துக்கொண்டு, 92 கெஜம் நடத்திப் போய் 34 நொடி மிச்சமிருக்கையில் ஜான் டெய்லருக்கு வீசினார். இரண்டாவதில் டென்வரை 55-10 என்று நசுக்கினார்கள். முப்பதைக் கடந்தவர், முதுகில் கத்தி பட்டவர், பயிற்சியாளரே ஒருமுறை கைவிட்டவர். பின்னால் லீக்கிலேயே சிறந்த மாற்று ஆள் நிற்கிறார். அந்த நெருக்கடியில்தான் தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த ஆட்டத்தை ஆடினார். நான்கு சூப்பர் பவுல்களில் 122 வீச்சு, 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை என்ற புள்ளியைவிட இந்தக் காலவரிசை எனக்கு அதிகம் சொல்கிறது.

யங்கின் கதை இதைவிடச் சிக்கலானது. நான்கு பருவம் பெஞ்ச். 1991 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸின் லெனர்ட் மார்ஷல் பின்னாலிருந்து மோதி மொன்டானாவை வீழ்த்த, அதன் பின் முழங்கைக் காயம் ஏறக்குறைய இரண்டு பருவங்களை விழுங்க, இடம் யங்குக்கு வந்தது. முதல் ஆண்டே லீக்கில் அவர் ரேட்டிங்தான் முதலிடம்: 101.8. ஆனால் அவர் தொடங்கிய பத்து ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. அவரும் காயம்பட்டபோது இறங்கிய ஸ்டீவ் போனோ, ரேட்டிங் 88.5தான் என்றாலும் ஆறில் ஐந்தை வென்றார். சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு பேசப்பட்ட பேச்சைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

பெஞ்ச் ஒப்பீட்டை நேர்மையாகச் செய்தால் அது யங்குக்கும் எதிராகத் திரும்பும். 1995இல் யங் காயம்பட்ட வாரங்களில் எல்விஸ் கிர்பாக் ஆடினார். யங்கின் ரேட்டிங் அந்த ஆண்டு 92.3, கிர்பாக்குக்கு 96.6. டல்லஸுக்கே போய் அன்றைய பலசாலிகளை 38-20 என்று வென்றதும் கிர்பாக்தான். ஆக 1989இல் மொன்டானாவைவிட யங், 1995இல் யங்கைவிட கிர்பாக். கிர்பாக் பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. இந்த அணியில், வால்ஷ் விட்டுச்சென்ற முறையில், ரைஸ் எதிரே ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில், ரேட்டிங் என்பது சட்டையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஒன்று என்றே நான் படித்துக்கொள்கிறேன்.

அப்படியானால் யங்கிடம் மிஞ்சுவது என்ன? நிறைய. ரேட்டிங் பார்க்காத ஓட்டம் முதலில்: தன் தொழில் வாழ்வில் 4,239 கெஜம் ஓடி 43 டச்டவுன் எடுத்த குவார்ட்டர்பேக் அவர். இடக்கைக்காரர் என்பதால் மொன்டானாவுக்காக வலப்பக்கம் சாய்ந்திருந்த ஆட்டத்திட்டங்களைத் தன் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், ஆறு பருவங்களில் ரேட்டிங்கில் முதலிடம். 1992, 1993 இரண்டிலும் டல்லஸிடம் கடைசிப் படியில் தோற்று, 1994இல் 38-28 என்று அவர்களைத் தாண்டி, சூப்பர் பவுலில் சான் டியேகோவுக்கு எதிராக ஆறு டச்டவுன் வீசினார். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்த பிறகும், ஆட்கள் ஒவ்வொருவராகப் போன பிறகும், 1999 செப்டம்பரில் அரிசோனாவில் தலையில் பட்ட அடி அவரை நிறுத்தும்வரை அணி வென்றுகொண்டுதான் இருந்தது. சட்டையோடு வரும் எண்களைக் கழித்த பிறகும் இவர் இரண்டாம் இடம். முதலிடத்துக்கும் இதற்கும் நடுவே மயிரிழைதான். 1994 செப்டம்பரில் கேன்சஸ் சிட்டிக்குப் போயிருந்த மொன்டானா நேருக்கு நேர் 24-17 என்று வென்றார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு ஆட்டம் ஒரு ஆட்டம்தான்.

மூன்றாம் இடத்தில்தான் எனக்கு உண்மையான சண்டை. ஒய்.ஏ. டிட்டிலா, ஜான் பிரோடியா?

டிட்டில் 1951இல் வந்தார்; அவர் ஆடிய பால்டிமோர் அணி கலைந்துபோனதால் கிடைத்தவர். அதற்கு முன் ஃபிராங்கி ஆல்பர்ட் என்ற குள்ளமான இடக்கைக்காரர், பந்தைக் கொடுத்ததுபோல் நடித்துவிட்டுத் தானே எதிர்ப்பக்கம் ஓடும் தந்திரத்தால் அணியின் ஆரம்ப ஆண்டுகளை நடத்தியிருந்தார். 1948இல் 29 டச்டவுன் வீசினார் ஆல்பர்ட்; ஆனால் அது ஏ.ஏ.எஃப்.சி. காலம் என்பதால் பல பத்தாண்டுகள் என்.எஃப்.எல். கணக்கிலேயே வரவில்லை. டிட்டில் காலத்தில் அவரும் ஹியூ மெக்எல்ஹென்னி, ஜோ பெரி, ஜான் ஹென்றி ஜான்சன் ஆகிய மூன்று ஓட்டக்காரர்களும் சேர்ந்து நின்ற வரிசைக்கு 'மில்லியன் டாலர் பேக்ஃபீல்ட்' என்று பெயர். நால்வரும் பின்னர், ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். அப்படி ஒரு வரிசையை வைத்துக்கொண்டு கோப்பை எதுவும் இல்லை. 1957இல் ஆர்.சி. ஓவன்ஸுக்கு வானத்தை நோக்கிப் பந்தை எறிவது, அவர் கூட்டத்துக்கு மேலே எம்பிப் பறிப்பது என்ற வித்தையால் ஆட்டங்களை வென்றார்கள். அந்த டிசம்பரில் டெட்ராய்ட்டுக்கு எதிரான நாக்-அவுட்டில் 27-7 என்று முன்னிலை வகித்து, 31-27 என்று தோற்றார்கள். இடைவேளையில் ஃபோர்ட்டிநைனர்ஸ் அறையில் எழுந்த கும்மாளம் சுவர் வழியே டெட்ராய்ட் ஆட்களின் காதில் விழுந்தது என்பது லீக்கின் பழங்கதைகளில் ஒன்று.

அதே 1957இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பிரோடி வந்தார், டிராஃப்டில் மூன்றாவது ஆள். நான்கு பருவம் டிட்டிலுக்குப் பின்னால். 1960 நவம்பரில் பயிற்சியாளர் ரெட் ஹிக்கி, குவார்ட்டர்பேக்கைச் சில கெஜம் பின்னால் தள்ளி நிறுத்தும் ஷாட்கன் அமைப்பைக் கொண்டுவந்தார். ஓடக்கூடிய ஆள் வேண்டும். டிட்டிலுக்கு வயது 34. நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அவரை அனுப்பிவிட்டு லூ கார்டிலியோன் என்ற இளம் லைன்மேனை வாங்கினார்கள். டிட்டில் அங்கே போய் மூன்று ஆண்டு தொடர்ந்து அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 1963இல் 36 டச்டவுன் வீசினார். இங்கே ஷாட்கன் 1961இல் சில வாரம் எதிரணிகளைக் கதற வைத்தது. பிறகு சிகாகோ அதன் குட்டை உடைத்து 31-0 என்று அனுப்பிவைத்தது. பிரோடி காலத்தில் 1960கள் முழுக்க ஒரு நாக்-அவுட் ஆட்டம்கூட இல்லை.

என் அளவுகோல்படி இந்த வழக்கில் டிட்டில் வெல்ல வேண்டும். வெளியே அனுப்பப்பட்டவர் செழித்தார், வந்தவர் தவித்தார். ஆனால் இது ஓர் அணியின் வரிசை. நியூயார்க் சட்டையில் வீசியதை சான் ஃபிரான்சிஸ்கோ கணக்கில் எழுத முடியாது. எழுதினால் ஜிம் பிளங்கெட்டையும் எழுத வேண்டியிருக்கும். அவர் 1976, 1977இல் இங்கே திணறி, விடுவிக்கப்பட்டு, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்குப் போய் இரண்டு சூப்பர் பவுல் வென்றவர். பிரோடியின் பதினேழு பருவமும் இதே சட்டையில். 31,548 கெஜம். 1970இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், ரேட்டிங் 93.8. நடுத்தரம் 66.7 என்று கட்டிய கணக்கில், 1978க்கு முந்தைய விதிகளில் வந்த 93.8 அது. அந்தப் பருவம் முழுக்க அவர் பந்தோடு சாய்க்கப்பட்டது எட்டே முறை. லைன்மேன்களுக்குப் பெருமை போகும், பிரோடி எவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்து வீசினார் என்பதற்கும் அதுதான் அடையாளம். பிறகு தொடர்ந்து மூன்று ஆண்டு, மூன்று நாக்-அவுட் தோல்வி, மூன்றும் டல்லஸிடம். கடைசியது 1972இல், முன்னிலையில் இருந்து, ரோஜர் ஸ்டாபாக்கின் கடைசி நிமிட மீட்சியில் 30-28. தொழில் வாழ்வு ரேட்டிங் 72.3 என்பதைப் பார்த்து இவரை எட்டாம், ஒன்பதாம் இடத்தில் போடும் பட்டியல்கள் விதி மாற்றத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் போட்டவை. பிரோடி மூன்று, டிட்டில் நான்கு. டிட்டில் பெரிய ஆட்டக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த அணி அவரைக் காத்திருந்து பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

நடுவரிசையை வேகமாகக் கடக்கலாம். ஜெஃப் கார்சியா, கனடா லீக்கின் கால்கரி அணியிலிருந்து யங்கின் இடத்துக்கு வந்து, 2000இல் 31, 2001இல் 32 டச்டவுன் வீசினார். 2003 ஜனவரியில் ஜயன்ட்ஸிடம் 38-14 என்று பின்தங்கி 39-38 என்று வென்ற ஆட்டம் அவருடையது. தகுதிக்கேற்ற பாராட்டைப் பெறாதவர். 2005 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அலெக்ஸ் ஸ்மித்தின் பெயரைக் கேட்டாலே, பக்கத்து பெர்க்லியில் படித்த குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸை அன்று விட்டுவிட்டார்களே என்று பெருமூச்சு விடுவார்கள். பயிற்சியாளர்கள் அடிக்கடி மாற, அவர் நிமிர 2011 ஆனது. 2012இல் 104.1 ரேட்டிங்கோடு ஆடிக்கொண்டிருந்தவருக்குத் தலையில் அடிபட்டது. காலின் கேப்பர்னிக் வந்தார். குணமான பிறகும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. எண்களை மட்டும் பார்த்தால் அநியாயம். ஆனால் 2013 ஜனவரியில் கிரீன் பே அணிக்கு எதிராக கேப்பர்னிக் தன் காலால் மட்டும் 181 கெஜம் ஓடியதைப் பார்த்தவர்கள், பயிற்சியாளர் ஜிம் ஹார்பா ஏன் அந்தச் சூதாட்டம் ஆடினார் என்று புரிந்துகொள்வார்கள். அந்தப் பருவ சூப்பர் பவுலில் பால்டிமோரிடம் 34-31 என்று தோற்றார். 2016இல் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்ட பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை என்பதால், அவருடைய இடத்தை முழுமையாக மதிப்பிடும் வாய்ப்பே இல்லாமல் போனது. ஜிம்மி கரோப்போலோவைப் பற்றி ஒரே ஒரு ஆட்டம் போதும்: 2020 ஜனவரியில், சூப்பர் பவுலுக்குப் போக வேண்டிய ஆட்டத்தில், அவர் வீசியதே எட்டு முறை. மீதியெல்லாம் ஓட்டம், அதில் ரஹீம் மோஸ்டர்ட் மட்டும் 220 கெஜம். பயிற்சியாளர் கைல் ஷனஹனுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கையின் அளவு அந்த எட்டில் இருக்கிறது.

பிராக் பர்டி இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர். 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது. அவருக்கு முந்தைய ஆண்டுதான் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைச் செலவழித்து ட்ரே லான்ஸை எடுத்திருந்தார்கள். லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது, கரோப்போலோவுக்குப் பாதம் முறிந்தது, மூன்றாவதாக நின்றவர் உள்ளே வந்து, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்வரை தோற்காமல் ஆடினார். 2023இல் ரேட்டிங் 113.0, 4,280 கெஜம். முதலாவது யங்கின் 112.8ஐத் தாண்டிய அணிச் சாதனை, இரண்டாவது கார்சியாவை இரண்டே கெஜத்தில் தாண்டியது. இதுவும் சட்டையோடு வந்த எண்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, ஜார்ஜ் கிட்டில், டீபோ சாமுவேல் சூழ நின்றால் யாரும் வீசுவார்கள் என்கிறார்கள்.

அதற்குப் பதில் 2023 ஜனவரி 29இல் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில், சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். ஆரம்பத்திலேயே பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்றாக வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு ஆள் இல்லாமல், பத்து கெஜம்கூடச் சரியாக வீச முடியாத கையோடு பர்டி மறுபடி உள்ளே அனுப்பப்பட்டார். மெக்காஃப்ரி இருந்தார், கிட்டில் இருந்தார், சாமுவேல் இருந்தார், ஷனஹன் இருந்தார். 31-7 என்று தோற்றார்கள். எந்தக் குவார்ட்டர்பேக்கும் இல்லாவிட்டால் அந்த அணி என்ன ஆகும் என்பதை அளந்து காட்டிய ஒரே ஆட்டம் அது. அதற்கு அடுத்த பருவம் பர்டி அவர்களைச் சூப்பர் பவுலில் கூடுதல் நேரம் வரை கொண்டுபோனார். கேன்சஸ் சிட்டியிடம் 25-22 என்று தோல்வி. 2025 மே மாதம் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். இன்றைக்கு என் வரிசையில் அவர் கார்சியாவுக்கு ஒரு படி மேலே, டிட்டிலுக்குக் கீழே, ஐந்தாவது. பிரோடியைத் தாண்ட வேண்டுமானால் மெக்காஃப்ரியும் கிட்டிலும் போன பிறகு இதே சட்டையில் இன்னொரு பருவம் வேண்டும்.